மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

மலேசியாவில், எங்கள் தைப்பிங்கில் பிற்பகல் நான்கு மணிக்கு மழை வந்துவிடும். துணி காயப் போடுவதும், கடைக்குப் போவதும், அக்கம்பக்கத்தில் சண்டை போடுவதும் எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் முப்பத்தொன்பது வருடம் நனைந்து வளர்ந்தவள், 1991 பங்குனியில் ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கினால் என்ன ஆவாள்? முதல் நாள் முழுக்க எனக்குக் கண் முன்னால் எல்லாமே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ரோடு ஆடியது, ஆட்டு மந்தை ஆடியது, எதிர்க்கடைக்காரரின் மீசைகூட ஆடியது. கானலா மயக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சித்தி மகள் கஸ்தூரி வீட்டில்தான் தங்கினேன். விமானம், விசா, சுங்கச் சோதனை எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், எழுதி உங்களை அறுக்கப் போவதில்லை. எதற்கு வந்தேன் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பார்க்க வந்தேன். பெயர் தணிகாசலம். சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் பூகோள வாத்தியார். மனைவி இறந்து ஆறு வருடம். நானோ, கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரியில் டூட்டி இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டே வந்த நர்ஸ். கஸ்தூரி மூலமாக எங்களுக்குள் நான்கு கடிதம் போய் வந்திருந்தது.

கடைசிக் கடிதத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: "ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் இருப்பேன். நீங்கள் வந்தால் பேசுவோம். வரவில்லை என்றால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். காரணம் எழுத வேண்டாம். சங்கடப்பட வேண்டாம்." எனக்குத் திரும்பும் விமானம் செவ்வாய்க்கிழமை. அவர் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியை விட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்தக் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்ததற்கு ஒரு அசிங்கமான காரணமும் உண்டு. போகாமல் இருந்தாலும் யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை என்பது மனதுக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை சும்மா ஊர் பார்க்கலாம் என்று டவுன் பஸ்ஸில் ஏறினேன். சீட் கிடைத்து உட்கார்ந்த அடுத்த நிமிடம், பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, டிக்கெட் எடுக்கப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையும் கேட்கவில்லை, என் கைக்கடிகாரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் கைக்குட்டை விழுந்தால்கூட "மன்னிக்கவும்" சொல்லித்தான் எடுப்பார்கள். அந்தக் குழந்தையின் சூடு ஊர் வரும்வரை மடியில் இருந்தது. இறங்கிய பிறகு ஏதோ குறைந்தாற்போல ஆகிவிட்டது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஸ்தூரி கத்திரிக்காய்க் காரக்குழம்பும் அப்பளமும் போட்டாள். எனக்கு இறங்கவில்லை. "சாப்புடு வசந்தா, பசியோட போனா மூஞ்சி சுண்டிப் பூடும்" என்று அவள் அதட்டியதால் நாலு வாய் தின்றேன். ஒன்றரை மணிக்கு டாக்ஸி வந்தது. பழைய வெள்ளைக் கார், பின் சீட்டில் பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. ஓட்டுபவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் ஒரு சீப்பு. "ஒரு மணி நேரத்துல கொண்டாந்து உட்டுர்றேம்மா, கவலையே படாதீங்க" என்றார். கவலைப்படாதே என்று டாக்டர்கள் சொல்லும்போதுதான் எனக்கு முதலில் கவலை வரும்.

ஒரகடம் போகும் ரோட்டில் கார் அரைத் தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், நடுநடுவே பச்சையாக நவரை நெல், தூரத்தில் ஏரிக்கரைப் பனைமரங்கள். ஜன்னலில் அடித்த காற்று அடுப்பங்கரைக் காற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்துகொண்டு வந்தேன். அனுப்பியிருந்த போட்டோவில் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, யாரோ திட்டியதுபோல நின்றிருந்தார். சிரித்தால் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது காரிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது.

பானெட் இடுக்கில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஏழுமலை அண்ணன் வண்டியை ஒரு புளியமரத்து நிழலில் ஓரம்கட்டினார். வல்லம் வடகால் பக்கம் வந்திருந்தோம். மணி இரண்டு.

"ஒண்ணுமில்லம்மா. வண்டி கொஞ்சம் சூடாயிகீது. தண்ணி ஊத்துனா சரியாப் பூடும்."

சொல்லிக்கொண்டே ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி வந்தவர்களை வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "அரை மணி நேரம் கையே வைக்கக் கூடாது அண்ணே. வந்து உட்காருங்க" என்றேன். மனுஷர் அடங்கி வந்து உட்கார்ந்தார். இஞ்சின் மட்டும் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து மூடியைத் திறந்து கேனிலிருந்த தண்ணீரை ஊற்றினார். இரண்டு மடக்குகூட உள்ளே போகவில்லை, வாய் வழியாகவே பொங்கித் திரும்பியது. ஃபேன் பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. ஃபேனும் ஆட்டமில்லாமல் இறுக்கமாக இருந்தது. "பின்ன ஏன் குடிக்க மாட்டேங்குது?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சுட்டது. கீழ் ஹோஸைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. தொடை சுட்டு, பாதம் மட்டும் ஜில்லிட்டிருந்தால் நடுவில் எங்கேயோ ரத்தம் போகாமல் அடைத்திருக்கிறது என்று எந்த நர்ஸும் சொல்லிவிடுவாள்.

"அடைப்பு அண்ணே. மேல வர்ற தண்ணி கீழ இறங்கல."

அப்போதுதான் கவனித்தேன், பொங்கி வழிந்த தண்ணீர் என் கால் விரலையெல்லாம் மஞ்சளாக்கியிருந்தது. துரு என்று நினைத்துக் குனிந்தேன். வாசனை துரு வாசனை இல்லை. சாம்பார் வாசனை.

"அண்ணே, இதுக்குள்ள என்ன போட்டிங்க?"

ஏழுமலை அண்ணன் சீப்பை எடுத்துத் தலை வாரினார். பிறகு சொன்னார்: "மஞ்சத்தூளும்மா. ரேடியேட்டர்ல பொட்டு ஓட்டை ஒண்ணு. மஞ்சத்தூள் போட்டா போய் அட்சிக்கும். எல்லா டிரைவருங்களும் போட்றதுதான்."

"எவ்வளவு போட்டிங்க?"

"ஒரு கைப்பிடி."

"ஒரே ஒரு தடவையா?"

"ஒழுகுறப்பல்லாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தீவாளிலேர்ந்து. நடுவுல ஒரே ஒருவாட்டி முட்டை வெள்ளைக்கருவும் ஊத்தினேன்."

தீபாவளியிலிருந்து பங்குனி வரை! ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள் ஓட்டையை மட்டுமா அடைக்கும்? குழாய் குழாயாக எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "நீங்க வண்டி ஓட்டல அண்ணே, குழம்பு வச்சிருக்கீங்க" என்றேன். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் சொன்னதற்கு வருத்தப்பட்டேன்.

பஸ் ஒன்று ஒரு மணிக்கே போய்விட்டிருந்தது. அடுத்தது ஏழரைக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஒரு மாட்டு வண்டியும், கோழிக்கூடை கட்டிய ஒரு சைக்கிளும்தான் போயின. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டராவது இருக்கும்.

வயலுக்குள் இருந்து ஒரு பெண் வரப்பில் நடந்து வந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவளாக இருக்கலாம். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. "இன்னா டிரைவரே, வண்டி மக்கர் பண்ணிக்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கினாள். "கொத்தமல்லி மட்டும்தான் போடல."

அவள் பெயர் சரோஜா. புருஷன் கம்பெனியில் ஷிஃப்ட், நிலத்தைப் பார்ப்பது இவள்தான். முன்பு ஆயில் இஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவள், அதைப் பிரித்துப் பூட்டிப் பழகியவள். பார்த்த உடனே சொன்னாள்: "வாளித் தண்ணி ஊத்துனா இது அசையாது. கயட்டி எடுத்தாந்து, தலகீயா புட்சி, பம்புசெட்டுத் தண்ணிய அடில உட்டுத் தள்ளணும். எப்டி அட்சிகிச்சோ அப்டியே ரிவர்ஸ்ல வந்துரும்."

ஏழுமலை அண்ணனுக்கு உயிர் வந்தது. ஸ்பேனரை எடுத்து ஹோஸ் கிளிப்புகளையும் போல்ட்டுகளையும் கழற்றினார். நான் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, எந்தப் பக்கத்துப் போல்ட் என்று பிரித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எண்ணி வைத்த கை அது, சும்மா இருக்காது. ரேடியேட்டரை இருவரும் தூக்க, நான் பின்னால் நடக்க, வரப்பு வழியாகப் பம்புசெட்டுக்குப் போனோம். மணி மூன்றேகால்.

ஆனால் மோட்டார் ஓடவில்லை.

பம்புசெட்டு அறைச் சுவரில் வரிசையாக மூன்று பல்புகள் இருந்தன. இரண்டு எரிந்தன, ஒன்று எரியவில்லை. சரோஜா அதைக் காட்டிச் சொன்னாள்: "ரெண்டு பேஸ்தான் கீது. மூணாவது பல்பும் எரிஞ்சாத்தான் மோட்டாரு போடலாம். ரெண்டுல போட்டா காயில் பூடும்."

"எப்ப வரும்?"

"மூணு மணிக்கு வரணும். அது இஷ்டம்."

எங்கள் ஊரில் கரண்ட் வீட்டில் இருக்கும் ஒரு சாமான், நாற்காலிபோல. இங்கே அது வரவேண்டிய விருந்தாளி. நாங்கள் மூவரும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மூன்றாவது பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரோஜா வெள்ளரிப்பிஞ்சை மிளகாய்ப் பொடியில் தோய்த்துக் கொடுத்தாள். அதுவரை என் தொண்டையில் இறங்காத சோறெல்லாம் அந்த ஒரு பிஞ்சிடம் தோற்றது. நான்கு தின்றேன்.

காற்று நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீரில் ஒரு தட்டான் இறங்கி இறங்கி ஏறியது. எங்கேயோ ஒரு ரேடியோ, பாட்டா செய்தியா என்று தெரியாத தூரத்தில் பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொக்கியது. அந்த அரை மயக்கத்தில் மெதுவாக ஒரு நினைப்பு வந்தது: இதுவும் நல்லதுதானே? நானாக வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி நின்றுவிட்டது, கரண்ட் வரவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினால் தைப்பிங் மழை, வார்டு, இரவு டூட்டி முடிந்து குடிக்கும் கோப்பி எல்லாம் அப்படியே இருக்கும். அந்த நினைப்பு மெத்தைபோல இருந்தது. அதில் படுத்தும்விட்டேன்.

"அப்டி இன்னா அவசரம்க்கா உனுக்கு?" என்று சரோஜா கேட்டாள். "வாட்சியே பாத்துகினு கீறியே."

ரயில் பிடிக்க வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம்தான் சிலதைச் சொல்ல முடியும். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பெஞ்சு, ஆறு மணி. ஏழுமலை அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ! நா ஏதோ சாமி கும்பிடப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்! மஞ்சத்தூளைப் போட்டு ஒரு கல்யாணத்தையே கெட்த்துட்டனே!"

சரோஜா மட்டும் சிரித்தாள். "ஆறு மணி ஆனா எய்ந்து பூடுவாரா? அவுரு இன்னா, ரயிலா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. கரண்ட்டு வரலன்னா உனுக்கு வருத்தமா, நிம்மதியா?"

எனக்குச் சுரீரென்றது. இவளுக்கு என்ன தெரியும் என்று கோபம்கூட வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. நாற்பது வயதை எட்டிப் பிடிக்கும் ஒரு ஹெட் நர்ஸ், யாரோ ஒருவருடைய பம்புசெட்டில் உட்கார்ந்து, வாயில் வெள்ளரிப்பிஞ்சோடு அழுதேன். நான் போக வேண்டும், அவரைப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்த நேரத்தைப் பாருங்கள், மணி நான்கரை.

நாலு நாற்பதுக்கு மூன்றாவது பல்பு எரிந்தது. முதலில் மங்கலாக, பிறகு பளிச்சென்று. நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பின.

சரோஜா ஸ்டார்ட்டரை அழுத்தினாள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஏழுமலை அண்ணன் ரேடியேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கீழ் வாயைக் குழாயோடு சேர்த்துச் சாக்கைச் சுற்றி இறுக்கினார். நான் மறுபக்கம் தாங்கினேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் எங்கள் மூஞ்சியில்தான் அடித்தது. திடீரென்று ஒரு உலுக்கல். ரேடியேட்டரின் வாயிலிருந்து கெட்டியாக, பாளம் பாளமாக மஞ்சள் வந்து விழுந்தது. தீபாவளி மஞ்சள், பொங்கல் மஞ்சள் எல்லாம் வந்தது. வாய்க்கால் முழுக்க மஞ்சளாகி, அந்த மஞ்சள் தண்ணீர் மாலை வெயிலில் மெதுவாகக் கத்திரிப் பாத்திகளுக்குள் நெளிந்து போனது. இத்தனை அவசரத்திலும் நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவ்வளவு அழகு.

"என் கத்திரிக்காயி காய்க்கிறப்பவே கொயம்பா காய்க்கப் போவுது" என்றாள் சரோஜா.

தண்ணீர் கண்ணாடியாக வரத் தொடங்கியதும் அடுத்த வம்பு. ரேடியேட்டரின் நடுவில் ஒரு இடத்திலிருந்து மெல்லிய கம்பியாகத் தண்ணீர் பீய்ச்சியது. மஞ்சள் போனதும் பழைய ஓட்டை எட்டிப் பார்த்துவிட்டது. ஏழுமலை அண்ணன் கை தன்னையறியாமல் நீண்டதைப் பார்த்து, "மஞ்சத்தூள் கேட்டிங்கன்னா உங்களக் கிணத்துல தள்ளிருவேன்" என்றேன்.

"அய்யய்ய, கேக்கலம்மா! கொறடு கேட்டேன்."

ஓட்டை இருந்த அந்த ஒரு மெல்லிய குழாயைச் சுற்றியிருந்த தகட்டைப் பிய்த்துவிட்டு, ஓட்டைக்கு மேலும் கீழும் குறட்டால் நசுக்கி மடித்தார். ஒழுகல் நின்றது. "ஒரு கொயாய் போனா இன்னா, மிச்சம் இத்தனை கீதே" என்றார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. எனக்கும் முப்பத்தொன்பது வயதில்தான் புத்தி வந்திருந்தது.

முந்தானை முடிச்சைப் பிரித்து போல்ட்டுகளை வரிசையாக நீட்டினேன். எல்லாம் மாட்டி, தண்ணீர் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். மெல்ல மெல்லச் சூடேறியது. பாதத்துக்கு ரத்தம் வந்துவிட்டது. மணி ஐந்து ஐம்பது.

சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போ போ, பேசிக்கினு நிக்காத" என்று என்னைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஏழுமலை அண்ணன் வேகமாகப் போகப் பயந்தார், மெதுவாகப் போகவும் பயந்தார். ஒரகடம் தாண்டும்போது ஆறு ஆகிவிட்டது. நான் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். சூரியன் ஏரிக்குள் இறங்கியது. வயல்கள் மங்கின. ஒரு பெஞ்சும் அதிலிருந்து எழுந்து போகும் ஒரு முதுகும் திரும்பத் திரும்ப எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. போனாலும் போகட்டும், வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுவேன் என்று சொல்லிக்கொண்டேன். தட்டுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, எதிரே ஒரு சைக்கிள் வந்தது. பின் கேரியரில் ஒரு பிளாஸ்டிக் குடம் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஓட்டிவந்தவர் எங்கள் காரைப் பார்த்ததும் குதித்து இறங்கி, ரோட்டின் நடுவில் வந்து கையை ஆட்டினார். சட்டையின் முதுகெல்லாம் குடத்துத் தண்ணீர் தளும்பி நனைந்திருந்தது. கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்.

டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்தார். பின் சீட்டு இருட்டில் நான் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்ரீபெரும்புதூர் சைடுலேர்ந்தா வர்றீங்க? வழில எங்கனா ஒரு கார் நின்னுக்கிட்டிருந்ததாங்க? இந்த ரோட்டுல வெயிலுக்குக் கார் நிக்கறது சகஜம். அதுல ஒரு அம்மா இருந்திருப்பாங்க."

ஏழுமலை அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவுப் பிடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆறு மணி வரைக்கும்தான் இருப்பேன்னு நானே எழுதித் தொலைச்சிட்டேன்" என்றார் அவர், முன்பின் தெரியாத டிரைவரிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. "எழுதறப்ப சரியாத்தான் இருந்தது. ஆறு அடிச்சதும் உக்கார முடியல. அவங்க கிளம்பாமலே இருந்திருந்தா பரவால்ல. கிளம்பி வந்து, நடுவழில நின்னுட்டு, நான் போயிட்டேன்னு நெனச்சிட்டாங்கன்னா?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன். ஈரப் புடவை, கலைந்த தலை, முழங்கை வரை மஞ்சள்.

"கிளம்பிட்டேங்க" என்றேன். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். வாத்தியார் அல்லவா, கையில் இருந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். டியூபை அவிழ்த்து, பாதி காலியாகியிருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி நின்றார்.

"வண்டிக்குத் தண்ணி ஊத்தணுமா?"

ஏழுமலை அண்ணன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "ஆமாங்க, ஊத்தணும்" என்றேன்.

ரேடியேட்டர் நிறையத்தான் இருந்தது.